மறைத்த புண் ஆறாது

செம்பூரில் ஞாயிற்றுக்கிழமை சற்று நிதானமாகவே விடிகிறது. வாரம் முழுவதும் ஹார்பர் பாதை மின்ரயிலைப் பிடிக்க விரையும் கால்கள் அன்று மெதுவாக நடக்கின்றன. சேடா நகர் முருகன் கோயிலுக்குச் செல்வோர் ஒருபுறம். வேதாகமத்தைப் பையில் வைத்துக்கொண்டு தமிழ் ஆராதனைக்குச் செல்லும் குடும்பங்கள் மறுபுறம். பிழைப்பைத் தேடித் தெற்கிலிருந்து, குறிப்பாகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து, பம்பாய்க்கு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இவர்களில் பலர். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று இம்மக்கள் வேரூன்றிய இடங்கள் பல. சிலருக்கு ஊன்றிய வேரையும் பிடுங்கி மறுபடி நட வேண்டியதாயிற்று. பாபா அணு ஆராய்ச்சி மையத்தை அடுத்திருந்த ஜனதா காலனி 1976 மே மாதத்தில் அகற்றப்பட்டபோது, அங்கு வாழ்ந்த திரளான தமிழ்க் குடும்பங்கள் டிராம்பேயிலுள்ள சீத்தா கேம்ப்புக்குப் பெயர்க்கப்பட்டன.

இத்தகைய குடியிருப்புகளில் ஒரு வீட்டுச் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர். ஒரு குழந்தை அழுதால் நான்கு வீடுகள் விழித்துக்கொள்ளும். எந்த அடுப்பில் என்ன குழம்பு கொதிக்கிறது என்பதும் அயலாருக்குத் தெரியும். ஆயினும் அதே வீட்டில், அருகில் படுத்திருக்கும் கணவனின் நெஞ்சில் கிடப்பது என்னவென்று மனைவிக்குத் தெரியாமலே ஆண்டுகள் கழிந்துவிடக் கூடும். சுவர் மெலிந்திருப்பதனால் மனம் திறந்துவிடுவதில்லை.

அப்படி ஒரு மனிதரை எண்ணிப் பார்க்கலாம். நல்லவர் என்று பெயர் எடுத்தவர் அவர். அண்டை அயலார் நம்பி ஒப்படைத்த சீட்டுப் பணம் அவர் கையில் இருந்தது. ஊரில் தங்கையின் திருமணம் நெருங்கியது. எதிர்பார்த்த இடத்தில் பணம் கிடைக்கவில்லை. அடுத்த மாதம் வைத்துவிடலாம் என்ற எண்ணத்தோடு சீட்டுப் பணத்தில் கை வைத்தார். அடுத்த மாதம் வந்தது, பணம் வரவில்லை. ஒரு பொய்யை மூட இன்னொரு பொய் தேவைப்பட்டது. ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது குரலில் தெம்பை வரவழைத்துக்கொள்ளப் பழகினார். ஞாயிறு ஆராதனையில் சபையார் ஒருமித்துப் பொதுப் பாவ அறிக்கையைச் சொல்லும்போது அவர் குரலும் தெளிவாகவே கேட்கிறது. தாம் பாவி என்று தேவனிடம் சொல்கிறார். அதில் பொய் ஏதும் இல்லை. எனினும் திங்கட்கிழமை காலையில் அவர் நெஞ்சின் பாரம் குன்றிமணி அளவும் குறைந்திருப்பதில்லை.

ஏன் குறையவில்லை? தேவனுடைய மன்னிப்பில் குறைவு உண்டா? அல்லது அந்த மனிதர் செய்த அறிக்கையில் ஏதேனும் விடுபட்டுப் போயிற்றா? விசுவாச வாழ்வில் இந்தக் கேள்வியைத் தவிர்த்துச் செல்பவர்கள் மிகுதி. ஆனால் இக்கேள்விக்குத் தப்பியவர்கள் எவரும் இல்லை.

தேவன் அறிந்ததை ஏன் சொல்ல வேண்டும்?

பாவ அறிக்கையைப் பற்றிச் சிந்திக்கும்போது முதலில் எழும் தடை இது: தேவன் எல்லாவற்றையும் அறிந்தவர். அவருக்குத் தெரியாத எதையும் மனிதன் சொல்லிவிடப் போவதில்லை. அப்படியிருக்கச் சொல்வதனால் என்ன பயன்?

ஆதியாகமத்தின் 3-ஆம் அதிகாரமே இதற்கு விடை தரத் தொடங்குகிறது. விலக்கப்பட்ட கனியைப் புசித்த ஆதாம் தோட்டத்து மரங்களுக்கிடையே ஒளிந்துகொள்கிறான். அவன் எங்கே இருக்கிறான் என்று தேவன் கேட்கிறார். ஒளிந்த இடம் தெரியாமல் எழுந்த கேள்வி அன்று அது. ஒளிந்தவன் தானாகவே எழுந்து வருவதற்காகத் திறந்து வைக்கப்பட்ட வாசல். ஆதாம் வெளியே வந்தான். வந்தவன் பழியைப் பெண்ணின் மேல் போட்டான். பெண் அதைச் சர்ப்பத்தின் மேல் போட்டாள். மரங்களின் மறைவை விட்டு வந்தவர்கள் சாக்குப்போக்குகளின் மறைவில் புகுந்துகொண்டார்கள்.

யாக்கோபின் வரலாறு இதை இன்னும் ஆழமாகக் காட்டுகிறது. கண் மங்கிய தகப்பனாகிய ஈசாக்கு, வந்திருப்பது யார் என்று கேட்டபோது, தன்னை ஏசா என்று சொல்லி ஆசீர்வாதத்தைப் பெற்றுக்கொண்டவன் அவன். பெற்ற ஆசீர்வாதம் அவனுக்கு நிம்மதி தரவில்லை. வீட்டை விட்டு ஓட வைத்தது. இருபது ஆண்டுகளுக்குப் பின், யாப்போக்கு ஆற்றங்கரையில் இரவு முழுவதும் அவனோடு போராடியவரும் அவனிடம் கேட்டது அவன் பெயரைத்தான். இம்முறை அவன் தன் சொந்தப் பெயரைச் சொன்னான். வஞ்சகன் என்ற பொருள் தொனிக்கும் அந்தப் பெயரைச் சுட்டிக்காட்டித்தான் ஏசா ஒரு காலத்தில் கசந்து அழுதிருந்தான். அன்று தகப்பனிடம் மறைத்த பெயரை இன்று வாய்விட்டுச் சொன்ன பிறகே யாக்கோபுக்குப் புதிய பெயர் அருளப்பட்டது.

பாவ அறிக்கையின் உட்பொருள் இங்கே விளங்குகிறது. அது தேவனுக்குத் தகவல் தெரிவிப்பதன்று. மறைந்திருக்கும் மனிதன் தன் சொந்தப் பெயரோடு அவர் முன் வந்து நிற்பதே அறிக்கை. வேறொருவனைப் போல நடித்து நிற்பவனுக்கு எவ்வளவு அன்பு காட்டினாலும் அந்த அன்பு அவன் நடிக்கும் வேடத்துக்கே போய்ச் சேரும். செம்பூரில் அந்த மனிதரை அயலார் நல்லவர் என்று புகழும்போது அவர் உள்ளம் குளிராமல் கூசுவதற்குக் காரணம் இதுவே. புகழ் தம்மைச் சேரவில்லை என்பது அவருக்குத் தெரியும். மன்னிப்பும் அவ்வாறே. தேவன் கொடுக்கத் தயங்குவதில்லை. பெற்றுக்கொள்ள வேண்டிய ஆள் முன்வராமல் இருக்கிறார்.

லூக்கா 15-ஆம் அதிகாரத்தில் இளைய குமாரன் திரும்பி வரும்போது, அவன் வாய் திறப்பதற்கு முன்பே தகப்பன் ஓடிச் சென்று அணைத்துக்கொள்கிறார். மன்னிப்பை வாங்கித் தந்தது மகனுடைய சொற்கள் அல்ல. ஆயினும் அணைப்புக்குள் இருந்துகொண்டே அவன் தன் குற்றத்தைச் சொல்கிறான். தன்னைக் கூலிக்காரனாக வைத்துக்கொள்ளும்படி கேட்க நினைத்திருந்த பகுதியைச் சொல்லி முடிக்கத் தகப்பன் இடம் தரவில்லை. குற்றத்தை ஒத்துக்கொண்ட பகுதியையோ தடுக்கவில்லை. அந்தச் சொற்கள் மகனுக்குத் தேவைப்பட்டன என்பதைத் தகப்பன் அறிந்திருந்தார்.

பொதுவாகச் சொல்வதும் பெயரிட்டுச் சொல்வதும்

ஆராதனையில் சபை ஒருமித்துச் செய்யும் பாவ அறிக்கை மதிப்புள்ளது. எவரும் மற்றவருக்கு மேலானவர் அல்லர் என்பதை அது வாரந்தோறும் நினைவூட்டுகிறது. ஆனால் அந்தப் பொதுச் சொற்களுக்குள்ளும் ஒருவர் ஒளிந்துகொள்ள முடியும். பாவி என்று சொல்வது எளிது; எல்லாரும் சொல்கிறார்கள். இன்னாரின் பணத்தை எடுத்தேன் என்று சொல்வதே கடினம்.

தாவீது ராஜாவின் காரியத்தில் நடந்தது இதுவே. உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு உரியாவைக் கொல்வித்த பின்பும் அவன் அரசாட்சி வழக்கம்போல் நடந்தது. தீர்க்கதரிசியாகிய நாத்தான் வந்து, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்துக்கொண்ட செல்வந்தனின் கதையைச் சொன்னபோது தாவீதுக்குக் கோபம் பொங்கியது. அநியாயத்தைப் பொதுவாகக் கண்டிப்பதில் அவனுக்கு எந்தக் குறையும் இருக்கவில்லை. அந்தச் செல்வந்தன் அவனே என்று நாத்தான் நேருக்கு நேர் சொன்ன பிறகுதான் அரண்மனையின் மௌனம் உடைந்தது. தாவீதின் பெயரால் வழங்கும் 32-ஆம் சங்கீதம், குற்றத்தைச் சொல்லாமல் அடக்கி வைத்திருந்த காலத்தில் எலும்புகளும் உலர்ந்துபோன அனுபவத்தை விவரிக்கிறது. மறைத்த பாவம் மனத்தோடு நின்றுவிடாமல் உடலையும் வாட்டும் என்பதை அந்தப் பழங்கால ஜெபம் அறிந்திருந்தது. மனமறியச் சொன்ன பொய்க்குத் தண்டனை வெளியிலிருந்து வர வேண்டியதில்லை, அந்த மனமே சுடும் என்பது திருவள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் விடுக்கும் எச்சரிக்கை.

அண்மைக் கால ஆய்வுகளும் இதே திசையில் செல்கின்றன. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், தங்கள் வாழ்வின் ஆழ்ந்த காயங்களைச் சில நாட்கள் தொடர்ந்து எழுதிய மாணவர்கள் பின்வந்த மாதங்களில் மருத்துவ நிலையத்துக்குச் செல்வது குறைந்ததை 1986-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஸ்லெபியனும் உடன் ஆய்வாளர்களும் 2017-இல் இன்னொன்றை எடுத்துக்காட்டினர். இரகசியம் மனிதனை மிகவும் வருத்துவது பிறர் முன் அதை மறைக்க நேரும் வேளைகளில் மட்டும் அன்று. தனித்திருக்கும்போது மனம் திரும்பத் திரும்ப அதனிடமே செல்கிறது, அந்த அலைச்சலே நலத்தைக் கெடுக்கிறது. இரவு விளக்கை அணைத்த பின் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவர்களுக்கு இதை எவரும் விளக்க வேண்டியதில்லை.

மனிதரிடம் ஏன் சொல்ல வேண்டும்?

தேவனிடம் சொன்னது போதாதா, மனிதரிடமும் சொல்ல வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. தேவனுக்கும் மனிதனுக்கும் நடுவில் இயேசு கிறிஸ்து ஒருவரே மத்தியஸ்தர். மன்னிக்கும் அதிகாரம் அவருக்கே உரியது. இதில் ஐயம் இல்லை. எனினும் யாக்கோபு நிருபம் 5-ஆம் அதிகாரம் 16-ஆம் வசனம், விசுவாசிகள் ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிட்டு ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்க வேண்டும் என்கிறது. அதன் நோக்கமாக அது குறிப்பிடுவது சுகமடைவதை.

திருச்சபை இதைப் பல விதங்களில் கைக்கொண்டு வந்திருக்கிறது. 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், ஆண்டுக்கு ஒரு முறையேனும் குருவிடம் பாவ அறிக்கை செய்வதைக் கடமையாக்கியது. கத்தோலிக்கத் திருச்சபையில் ஒப்புரவு அருட்சாதனமாக அது தொடர்கிறது. மார்ட்டின் லூத்தர் கட்டாயத்தை எதிர்த்தார். ஆனால் தனிப்பட்ட பாவ அறிக்கையை ஒழித்துவிடவில்லை, ஆறுதல் தரும் வழியாக அதைப் போற்றினார். கட்டாயம் போன பிறகு சபைகள் பலவற்றில் பழக்கமும் மெல்ல மறைந்தது என்பதுதான் வருந்தத்தக்கது.

நாசி ஆட்சியை எதிர்த்து 1945-இல் தூக்கிலிடப்பட்ட ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோபர், பின்கன்வால்டே என்னும் இடத்தில் போதக மாணவர்களோடு வாழ்ந்த அனுபவத்திலிருந்து 1939-இல் ஒரு சிறு நூலை வெளியிட்டார். அதில் அவர் எழுப்பும் வாதம் எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. பரிசுத்தரான தேவனிடம் சொல்வது எளிதாகவும், தன்னைப் போலவே பாவியான ஒரு சகோதரனிடம் சொல்வது கடினமாகவும் இருப்பது ஏன்? நியாயப்படி அது தலைகீழாக இருக்க வேண்டும். அப்படியானால் தேவனிடம் சொன்னதாக எண்ணிக்கொண்டு, மனிதன் தனக்குத் தானே சொல்லித் தன்னைத் தானே மன்னித்துக்கொள்கிறானோ என்று அவர் கேட்கிறார். எதிரே ஒரு முகம் இருக்கும்போது அந்த ஏமாற்றுக்கு இடமில்லை.

மாற்கு சுவிசேஷம் 5-ஆம் அதிகாரத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் உதிரப்போக்கால் வருந்திய பெண்ணை இங்கே நினைக்கலாம். அவள் பாவம் செய்தவள் அல்லள்; ஆனால் ஒளிந்து வாழும்படி தள்ளப்பட்டவள். கூட்டத்தில் மறைந்து வந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டாள். உடல் அந்தக் கணமே குணமாயிற்று. அவள் வந்தபடியே சென்றிருக்கலாம். ஆனால் தம்மைத் தொட்டவர் யார் என்று இயேசு நின்று கேட்டார். நடுங்கிக்கொண்டு முன்வந்து அவள் உண்மை முழுவதையும் சொன்னாள். அவளை மகளே என்று அழைத்துச் சமாதானத்தோடு அனுப்பியது அதற்குப் பின்புதான். உடலின் நோய் மறைவிலேயே தீர்ந்தது. மறைவில் வாழ்ந்ததனால் உண்டான நோய் தீர, அவள் பேச வேண்டியிருந்தது. ஒருவர் கேட்க வேண்டியிருந்தது.

திருநெல்வேலியும் கேட்காவும்

மும்பைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் பலருடைய முன்னோர் வாழ்ந்த திருநெல்வேலி மண் இதைக் கண்கூடாகக் கண்டிருக்கிறது. 1810-இல் பிறந்த ஜான் கிறிஸ்தியான் அருளப்பன், பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் கற்றவர்; சம்பளத்தை நம்பாமல் தேவனை நம்பி ஊழியம் செய்யும் முறையை அந்தோணி நோரிஸ் குரோவ்ஸ் என்பவரிடம் கண்டவர். திருவில்லிபுத்தூர் வட்டாரத்தில் கிறிஸ்தியான்பேட்டை என்ற சிற்றூரை அமைத்து அங்கே ஒரு சபையை நடத்தினார். 1860-இல் அங்கு எழுப்புதல் உண்டாயிற்று. ஆண்டுக்கணக்காக ஆலயம் சென்றவர்களே தங்கள் பாவத்தின் பாரத்தை உணர்ந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள், வாய்விட்டு அறிக்கையிட்டார்கள், பின்பு மன்னிப்பின் நிச்சயம் பெற்று மகிழ்ந்தார்கள். ஊதியம் எதிர்பாராமல் பலர் சுவிசேஷம் அறிவிக்கப் புறப்பட்டார்கள். அருளப்பனின் நாட்குறிப்புகளைக் கொண்டு ஜி. எச். லாங் 1939-இல் வெளியிட்ட நூல் இவற்றை இன்றைக்கும் அறியத் தருகிறது.

மும்பைக்கு அருகில் இன்னொரு சாட்சி உண்டு. பண்டித ரமாபாய் 1889-இல் விதவைப் பெண்களுக்கான சாரதா சதனைத் தொடங்கியது பம்பாயில்தான். பின்னர் புனே மாவட்டத்துக் கேட்காவில் அவர் உருவாக்கிய முக்தி இல்லம், பஞ்சத்தில் தப்பிய நூற்றுக்கணக்கான பெண்களுக்கும் சிறுமியருக்கும் அடைக்கலமாயிற்று. 1905 ஜனவரியில் ஏறக்குறைய 70 பேரோடு தொடங்கிய ஜெபக்குழு, சில மாதங்களில் 550 பேராக வளர்ந்தது. அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில், ரமாபாய் யோவான் சுவிசேஷத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது பெண்கள் கண்ணீர் விட்டுத் தங்கள் குற்றங்களை அறிக்கையிடத் தொடங்கினார்கள். வீடிழந்து, உறவிழந்து, அநேக அவமானங்களைச் சுமந்து வந்தவர்கள் அவர்கள். தங்களைத் தள்ளிவிடாத ஓர் இடம் இருக்கிறது என்று அறிந்த பிறகே அவர்களால் பேச முடிந்தது என்பது கவனிக்கத்தக்கது. அடைக்கலம் முன்னால் வந்தது. அறிக்கை பின்னால் வந்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் எழுந்த உணர்ச்சிப் பெருக்கைக் கண்டு ஐயுற்ற மிஷனரிகளும் இருந்தார்கள். அந்த ஐயம் முற்றிலும் தவறன்று. அழுகை மட்டுமே மனந்திரும்புதலுக்கு அடையாளம் ஆகாது. கூட்டத்தில் ஒருவர் அழுதால் மற்றவருக்கும் அழுகை வரும். எல்லாக் குற்றத்தையும் எல்லார் முன்பும் சொல்ல வேண்டும் என்பதும் இல்லை. பாவம் யாரைத் தொட்டதோ அவர்கள் வரைக்கும் அறிக்கை சென்றால் போதும். தேவனுக்கு மட்டும் தெரிந்த எண்ணத்தின் பாவம் தேவனிடம். ஒருவருக்குச் செய்த தீங்கு தேவனிடமும் அந்த ஒருவரிடமும். சபையாரை ஏமாற்றியது சபையாரிடமும். அதற்கு மேல் சொல்வதில் சில வேளை பாவத்தையே பெருமையாக்கும் சோதனை ஒளிந்திருக்கிறது.

சொல்லோடு நில்லாமல்

உண்மையான அறிக்கை கையையும் அசைக்கும். ஒருவன் தன் அயலானுக்குச் செய்த குற்றத்தை அறிக்கையிட்டு, எடுத்ததோடு ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டித் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று எண்ணாகமம் 5-ஆம் அதிகாரம் விதிக்கிறது. எரிகோவின் சகேயு தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்புவதாகவும் சொன்னான். சட்டம் கேட்டதைவிட மிகுதியாக அவன் கொடுக்க முன்வந்ததற்குக் காரணம் அச்சம் அன்று. தன் வீட்டுக்கு வந்த விருந்தாளி தந்த மகிழ்ச்சி.

இந்தியர் அனைவரும் அறிந்த ஓர் அறிக்கை காந்தியடிகளுடையது. ஏறக்குறைய 15 வயதில், சகோதரர் பட்டிருந்த 25 ரூபாய்க் கடனைத் தீர்க்க, அந்தச் சகோதரரின் கைக்காப்பிலிருந்தே சிறிது பொன்னை வெட்டி எடுத்தார். கடன் தீர்ந்தது, மனம் தாங்கவில்லை. நோய்ப்படுக்கையில் இருந்த தந்தையிடம் வாயால் சொல்லத் துணிவின்றி, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். குற்றத்தை ஒத்துக்கொண்டு, தண்டனையும் கேட்டு, இனித் திருடுவதில்லை என்றும் உறுதி தந்திருந்தார். தந்தை எழுந்து உட்கார்ந்து படித்தார். கண்ணீர் தாளை நனைத்தது. தாளைக் கிழித்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். 1925 முதல் வாரந்தோறும் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் இதை நினைவுகூரும் காந்தியடிகள், அறிக்கைக்கு இரண்டு இலக்கணங்களைச் சுட்டுகிறார்: அது கேட்பதற்கு உரிமையுள்ளவரிடம் செய்யப்பட வேண்டும், மீண்டும் செய்வதில்லை என்ற உறுதியும் அதனோடு சேர வேண்டும்.

இதே நெறி குடிநோயாளிகளின் மீட்சியிலும் பயன்பட்டது. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன், டாக்டர் ராபர்ட் ஸ்மித் என்ற இருவரின் சந்திப்பிலிருந்து உருவான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம், கிறிஸ்தவ ஆக்ஸ்போர்டு குழுவினரிடமிருந்து அறிக்கையிடும் பழக்கத்தைக் கற்றுக்கொண்டது. 1939-இல் வெளியான அதன் பன்னிரண்டு படிகளில் ஐந்தாவது, தன் தவறுகளின் தன்மையை இறைவனிடமும் தன்னிடமும் இன்னொரு மனிதரிடமும் ஒத்துக்கொள்வது. ஒன்பதாவது படி, தீங்கு இழைக்கப்பட்டவர்களுக்கு ஈடுசெய்வது. ஆனால் அதனால் அவர்களுக்கோ பிறருக்கோ கேடு விளையுமானால் தவிர்ப்பது. இந்த நிபந்தனையில் நல்ல விவேகம் இருக்கிறது. தன் நெஞ்சுப் பாரத்தை இறக்கிவைக்க இன்னொருவர் நெஞ்சில் பாறையைத் தூக்கி வைப்பது அறிக்கை ஆகாது.

கேட்பவரின் பொறுப்பு

அறிக்கையிடுகிறவரைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் உண்டு; கேட்கிறவரைப் பற்றிக் குறைவு. மத்தேயு 27-ஆம் அதிகாரத்தில் யூதாஸ் தன் குற்றத்தை உணர்ந்து, முப்பது வெள்ளிக்காசையும் கொண்டுவந்து, குற்றமற்ற இரத்தத்தைக் காட்டிக்கொடுத்ததாகப் பிரதான ஆசாரியரிடம் வாய்விட்டுச் சொல்கிறான். அறிக்கை இருந்தது, பணத்தைத் திருப்புவதும் இருந்தது. கேட்டவர்களோ அது தங்கள் காரியம் அன்று எனக் கைவிரித்தார்கள். அவன் அங்கிருந்து சாவை நோக்கிச் சென்றான். மும்முறை மறுதலித்த பேதுருவோ, கடற்கரையில் கரிநெருப்பின் அருகே, அன்பைப் பற்றி மும்முறை கேட்டவரிடம் பேசினான். மந்தையை மேய்க்கும் பொறுப்பைப் பெற்றான். இரக்கமற்ற செவியில் விழுந்த அறிக்கை ஒரு மனிதனைத் தனிமையின் எல்லைக்கே தள்ளிவிடக் கூடும்.

ஆகவே சபைகள் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இங்கே ஒருவர் உண்மையைச் சொன்னால் அது எத்தனை நாட்களுக்கு இரகசியமாக இருக்கும்? ஒருவர் நம்பிச் சொன்னது, பெயர் சொல்லாத ஜெபக்குறிப்பாகத் தொடங்கி, அடுத்த ஞாயிறுக்குள் தாராவி வரை சென்றுவிடுமானால், அந்தச் சபையில் எவரும் மறுபடி வாய் திறக்கப் போவதில்லை. பிறரது பாவங்களைத் தெரிந்துவைத்திருப்பதைத் தன் செல்வாக்குக்குப் படியாக்கும் தலைவரும் அவ்வாறே மந்தையைச் சிதறடிக்கிறார்.

இரகசியம் காப்பதற்கும் எல்லை உண்டு. எளியவருக்கு இழைக்கப்பட்ட கொடுமையை மூடி மறைக்கும் போர்வையாக அறிக்கையைப் பயன்படுத்தலாகாது. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்தவர் அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கட்டளையிடுகிறது. அங்கே மன்னிப்புக் கேட்டுவிட்டார் என்பதோடு காரியம் முடிந்துவிடாது. பாதிக்கப்பட்ட குழந்தையின் பாதுகாப்பே முதன்மையானது. அடிபட்ட மனைவியிடம் உடனே மன்னித்துவிடும்படி வற்புறுத்துவதும் சபையின் வேலை அன்று.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். எல்லா நோயும் மறைத்த பாவத்தின் விளைவு அன்று. பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு அந்தக் கணக்கையே மறுத்தார். மனச்சோர்வால் வாடுகிறவரிடம் ஏதோ ஒன்றை மறைக்கிறாய் என்று குற்றம் சாட்டுவது கொடுமை. அவருக்கு ஜெபத்தோடு மருத்துவமும் வேண்டும். செம்பூரை அடுத்த தேவனாரிலுள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 2012-இல் ‘ஐகால்’ என்ற தொலைபேசி ஆலோசனைச் சேவையைத் தொடங்கியது. 2022 அக்டோபரில் இந்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். பொறுமையாகக் கேட்கும் ஒரு செவியும் தேவனுடைய ஈவுகளில் ஒன்றே.

திங்கட்கிழமை

செம்பூரின் அந்த மனிதரிடம் திரும்பி வரலாம். அவர் செய்ய வேண்டியது பெரிய மேடையில் ஏறுவதன்று. நம்பத்தக்க ஒரு மூப்பரிடம், எடுத்த தொகையையும் எடுத்த நாளையும் மறைக்காமல் சொல்வது முதற்படி. வறுமையையும் திருமணச் செலவையும் முன்னிறுத்தித் தம்மைக் காத்துக்கொள்ளும் ஆசை அப்போது எழும். அவை உண்மையே ஆனாலும், ஆதாம் பெண்ணைக் காட்டியது போல அவற்றைக் காட்டாமல் இருப்பது இரண்டாம் படி. அடுத்து மனைவி. அதன்பின் சீட்டில் பணம் கட்டிய ஒவ்வொருவரும்.

எல்லாம் இனிதாக முடியும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. சிலர் கோபப்படுவார்கள், அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. வியர்வை சிந்திச் சேர்த்த பணம் அது. இனி அவர் கையில் பணத்தை ஒப்படைக்க மறுப்பார்கள். அது மன்னியாமை அன்று, விவேகம். மாதாமாதம் சிறுகச் சிறுகத் திருப்பித் தருவதற்கு ஆண்டுகள் ஆகலாம். மனைவியின் நம்பிக்கை திரும்ப அதைவிட நாள் பிடிக்கலாம். மன்னிப்பு ஒரு கணத்தில் அருளப்படலாம். நம்பிக்கை செங்கல் செங்கலாகவே கட்டப்படும்.

எனினும் அடுத்த ஞாயிறு பொதுப் பாவ அறிக்கையைச் சொல்லும்போது அந்தப் பழகிய சொற்களுக்குள் அவருடைய சொந்தப் பெயர் இருக்கும். மன்னிப்பின் வார்த்தை சொல்லப்படும்போது அது வேறு யாருக்கோ சொல்லப்படுவதாகத் தோன்றாது. திங்கட்கிழமை காலையில் அவருக்குக் கடன் இருக்கும். மறைக்க எதுவும் இருக்காது. உறக்கம் வரும்.

அந்த முதல் வார்த்தையைச் சொல்ல அவரைப் போன்றவர்களுக்குத் துணிவையும், அதைக் கேட்பவர்களுக்கு இரக்கத்தையும் கர்த்தர் அருள்வாராக.